பெயர் பல, தசை ஒன்று

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குவதும், ஒரே பெயர் பல பொருள்களைக் குறிப்பதும் உலக வழக்கு. செய்யுளில் வந்தால் இதை அழகு என்று போற்றுகிறோம். அயல்நாட்டு இறைச்சிக் கடையின் முன்னே நிற்பவனுக்கோ இது பெருந்தொல்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆகிவிட்டால் பணம் போகும்; நான்கு மணி நேரம் அடுப்படியில் நின்ற உழைப்பும் போகும்.

மாட்டிறைச்சி உண்பாரும் உண்ணாதாரும் நம்மிடையே உண்டு. உண்ணச் சொல்வதோ வேண்டாமெனச் சொல்வதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நாட்டில் பழகிய இறைச்சிப் பகுதியை வேறொரு நாட்டில் அடையாளம் காண்பது எப்படி என்பதை விலங்கியல் மாணவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன்.

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமன் சரக்குக் கப்பலில் சமையற்காரர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனவர். துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது, வேண்டிய இறைச்சிக்கு அவர் பட்டியல் எழுதி அனுப்ப வேண்டும். அமெரிக்கச் சமையற் பட்டியலைப் பார்த்துத் தொழில் கற்றவர் ஆதலால், ஒருமுறை இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் ‘சர்லாயின்’ என்று எழுதிவிட்டார். வந்து சேர்ந்தது அவர் நினைத்த பகுதி அன்று. அதைவிட விலை கூடியது. அம்மாத இறைச்சிக் கணக்கில் துண்டு விழுந்தது. கேள்வி கேட்டார்கள். பிறகு ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில், ஆங்கிலேயச் சமையற்காரர் ஒருவரிடம் கற்ற ‘சில்வர்சைடு’ என்ற பெயரை எழுதினார். அப்படி ஒன்று தங்களிடம் இல்லை என்று விடை வந்தது.

விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, “பேரு ஊருக்கு ஊரு மாறும் மருமவனே, மாடு மாறாதுல்லா? நீதான் உசிருகளைப் பத்திப் படிக்கியே, எந்தூர்ல என்ன பேருன்னு ஒரு தாள்ல எழுதித் தா” என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தலையை ஆட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் என் படிப்பின் அளவு எனக்கே தெரிந்தது. தசைகளின் லத்தீன் பெயர்கள் சில மனப்பாடமாக இருந்தன. அவை உடலில் எங்கே இருக்கின்றன, அங்கே என்ன வேலை செய்கின்றன என்பது தெரியவில்லை. நூலகத்தில் தேடியும் ஆசிரியர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதே கீழே வருவது.

மாடு ஒன்றே

ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் மாடாயினும், பிரான்சின் ஷரோலே மாடாயினும், அர்ஜென்டினாவின் புல்வெளியில் மேய்ந்த மாடாயினும் விலா எலும்புகள் பதின்மூன்று இணைகளே. எலும்பின் அமைப்பும் அதன்மேல் தசை படிந்துள்ள முறையும் எங்கும் ஒன்றே. கால்நடைகளின் உறுப்புகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான லத்தீன் பெயர்த் தொகுதி ஒன்று 1968-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. கடைக்காரரின் பெயர் தெருவுக்குத் தெரு மாறலாம், இப்பெயர் மாறுவதில்லை.

எனவே, ‘இப்பெயருக்கு அந்நாட்டுப் பெயர் என்ன?’ என்று தொடங்குவது தவறான வழி. ‘நான் தேடும் பகுதி எந்தத் தசை? அது உடலில் எங்கே உள்ளது?’ என்று தொடங்குவதே நேரான வழி.

உழைத்த தசையும் ஓய்ந்த தசையும்

இறைச்சி மெத்தென்று இருப்பதற்கும் கடினமாக இருப்பதற்கும் முதற்காரணம் அத்தசை செய்த வேலையே. தசை நார்களைக் கட்டிவைத்திருப்பது கொல்லாஜன் என்னும் புரதம். உடற்பாரத்தைத் தாங்கும் தசைகளிலும் காலை நகர்த்தும் தசைகளிலும் இது மிகுதி. மாட்டுக்கு வயது ஏற ஏற இதன் பிணைப்புகள் மேலும் இறுகும்; இளங்கன்றின் இறைச்சி விரைவில் வேக, கிழமாட்டின் இறைச்சி நேரம் பிடிப்பது இதனால்தான்.

முதுகெலும்பின் அடியில், உடலின் உட்புறமாக ஒளிந்திருக்கும் சோவாஸ் மேஜர் என்ற தசைக்கு நடையில் அதிக வேலை இல்லை. ஆகவே மாட்டின் உடலிலேயே மிக மென்மையான தசை அதுதான். நெஞ்சுத் தசையின் நிலை வேறு. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடலோடு எலும்பு மூட்டினால் இணைக்கப்படவில்லை. தசைகளே தூளிபோல் உடலைத் தாங்கி நிற்கின்றன. அப்படித் தாங்கும் தசைகளில் நெஞ்சுத் தசையும் ஒன்று. நாள் முழுவதும் சுமை தாங்கிய தசை கடினமாக இருப்பதில் வியப்பென்ன?

கொல்லாஜன் 60 டிகிரி செல்சியஸ் அளவில் சுருங்கத் தொடங்கி இறைச்சியை இறுக்குகிறது. ஆனால் ஈரத்துடன் 70 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் இருந்தால் அதுவே ஜெலட்டினாக இளகிக் குழம்புக்குக் கொழுமை தருகிறது. ஓய்ந்த தசைக்கு வேகமான நெருப்பும் குறைந்த நேரமும், உழைத்த தசைக்கு மெல்லிய நெருப்பும் நிறைந்த நேரமும் வேண்டும். இந்த ஒரு விதியை அறிந்தவர், பெயர் தவறினாலும் சமையலில் தவறமாட்டார்.

வெட்டும் முறை வேறு

மாடு ஒன்றாயினும் வெட்டும் முறை ஒன்றன்று. அமெரிக்க வழக்கில் பெரும் பகுதிகளை வாளால் குறுக்கே அறுப்பர். பின்தொடையைக் குறுக்கே அறுத்த ‘ரவுண்டு’ துண்டம் ஒன்றில் மூன்று நான்கு தசைகளின் முகங்கள் சேர்ந்தே தெரியும். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் தசைக்கும் தசைக்கும் இடையிலுள்ள சவ்வின் வழியே கத்தியைச் செலுத்தி ஒவ்வொன்றையும் தனியே பிரித்தெடுப்பர். ஆகவே அங்கே பெயர்களும் மிகுதி. பாரிஸ் நகரத்தார் தனிப்பெயர் சொல்லிக் கேட்கும் சிறு தசை, பழைய முறையில் அறுக்கும் அமெரிக்கக் கடையில் தனிப்பொருளாகவே இருக்காது. ஏதோ ஒரு பெருந்துண்டத்தின் உள்ளே இருக்கும். அப்போது பெருந்துண்டத்தை வாங்கி நாமே பிரிக்க வேண்டும். அல்லது பிரித்துத் தருமாறு கேட்க வேண்டும்.

விலா எலும்பை வெட்டுவதிலும் இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலேய முறையில் எலும்பின் போக்கிலேயே வெட்டி, துண்டுக்கு ஒரு நீண்ட எலும்பு வருமாறு செய்வர். அர்ஜென்டினர் பல எலும்புகளைக் குறுக்கே அறுத்துப் பட்டையாக எடுத்து ‘அசாடோ தே தீரா’ என்பர். அமெரிக்காவில் வாழும் கொரியர் ‘எல்.ஏ. கல்பி’ என்று விற்பதும் அதே போலக் குறுக்கே அறுத்ததே. கனம் மட்டும் மிகக் குறைவு. ஆகவே அமெரிக்காவுக்குப் போன அர்ஜென்டினர் ஒருவர் தம் ஊர் விலாவைத் தேடினால், கொரியக் கடையில் சற்றுத் தடிப்பாக அறுத்துத் தரச் சொன்னால் போதும்.

பெயர் மயக்கங்கள்

தெரியாத பெயரைக் கண்டால் நாம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். தெரிந்தது போலத் தோன்றும் பெயரே நம்மை ஏமாற்றும்.

என் மாமனை ஏமாற்றிய ‘சர்லாயின்’ இத்தகையது. பிரிட்டனில் அது விலாவுக்குப் பின்னால் உள்ள முதுகுப் பகுதி. அமெரிக்கர் அதை ‘ஸ்ட்ரிப்’ அல்லது ‘நியூயார்க் ஸ்ட்ரிப்’ என்பர். அமெரிக்கரின் சர்லாயினோ இன்னும் பின்னால், இடுப்பில் உள்ளது; ஆங்கிலேயர் அதை ‘ரம்ப்’ என்பர். இதோடு முடியவில்லை. ஜெர்மனியில் ‘ரம்ப்ஸ்டேக்’ என்று கேட்டால் இடுப்புத் துண்டு வராது. ஆங்கிலேயரின் சர்லாயினான முதுகுத் துண்டே வரும். இடுப்புத் துண்டுக்கு அங்கே ‘ஹூஃப்டே’ என்று பெயர். ஓர் அரசர் இத்துண்டின் சுவையில் மயங்கி அதற்குச் ‘சர்’ பட்டம் சூட்டினார் என்றொரு கதை வழங்குகிறது. அது வெறுங்கதை. இடுப்புக்கு மேற்பகுதி என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது.

ஜெர்மன் கடையில் ‘ரோஸ்ட்பீஃப்’ என்று பலகை இருந்தால் அது சுட்ட இறைச்சி என்று எண்ணிவிடக் கூடாது. அதே முதுகுப் பகுதியின் பச்சை இறைச்சிக்கும் அதுதான் பெயர். அர்ஜென்டினாவில் ‘பீஃபே தே சோரிசோ’ என்பதும் அம்முதுகுத் துண்டே. சோரிசோ என்னும் மசாலாத் தொத்திறைச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘லோமோ’ என்றால் அர்ஜென்டினாவில் மிக மென்மையான சோவாஸ் தசை. ஸ்பெயினில் முதுகுப் பகுதி. இரு நாட்டிலும் பேசுவது ஸ்பானிய மொழியே! அமெரிக்காவில் ‘ஃபிலே மின்யோன்’ என்பது மாட்டின் சோவாஸ் தசையில் அறுத்த துண்டு. பிரான்சில் அப்பெயரைச் சொன்னால் பெரும்பாலும் பன்றி இறைச்சியே வரும். சமய நெறியால் பன்றியை விலக்குவோர்க்கு இம்மயக்கம் சிறிய பிழையன்று.

ஒரே தசை, ஊருக்கொரு பெயர்

இனி, அடிக்கடி தேடப்படும் சில தசைகளையும் அவற்றின் பெயர்களையும் காண்போம்.

1. சோவாஸ் மேஜர்: முதுகெலும்பின் அடித்தசை. பிரிட்டனில் ஃபில்லட், அமெரிக்காவில் டெண்டர்லாயின், பிரான்சில் ஃபிலே, ஸ்பெயினில் சொலோமீயோ, அர்ஜென்டினாவில் லோமோ. விரைந்து சுடுவதற்கு உரியது.

2. லாஞ்சிசிமஸ்: முதுகெலும்பின் மேற்புறமாக நீளும் தசை. விலாப் பகுதியில் அமெரிக்கருக்கு ரிப்ஐ, பிரெஞ்சுக்காரருக்கு ஆந்த்ரெகோத். அதற்குப் பின்னால் அமெரிக்கருக்கு ஸ்ட்ரிப், ஆங்கிலேயருக்குச் சர்லாயின், பிரெஞ்சுக்காரருக்கு ஃபோ-ஃபிலே. இரண்டும் ஒரே தசையின் தொடர்ச்சி ஆதலால், ஒன்று கிடைக்காதபோது மற்றொன்றை வாங்கலாம்.

3. இடுப்பின் மேல்மூடித் தசை: பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற தசையின் மேல்நுனி, ஒரு பக்கம் கொழுப்பு போர்த்தியிருக்கும். பிரேசிலில் பிக்கான்யா, உப்புத் தடவித் தணலில் சுடுவர். அமெரிக்காவில் டாப் சர்லாயின் கேப். வியன்னாவில் டாஃபெல்ஷ்பிட்ஸ், காய்கறிகளோடு நீரில் மெல்ல வேகவைப்பர். ஒரே தசை ஒரு நாட்டில் நெருப்பைக் காண்கிறது, மற்றொரு நாட்டில் நீரைக் காண்கிறது.

4. டென்சர் ஃபேசியே லாட்டே: இடுப்பின் முன்பக்கத்து முக்கோணத் தசை. அமெரிக்காவில் ட்ரை-டிப்; கலிஃபோர்னியாவின் சான்டா மரியா வட்டாரத்தில் பெயர் பெற்றது. பிரேசிலில் மமீன்யா, அர்ஜென்டினாவில் கொலீட்டா தே குவாத்ரில். ஜெர்மானியர் இதை நகரத் தலைவரின் துண்டு என்று பொருள்படும் ‘பூர்கர்மைஸ்டர்ஷ்டூக்’ என்ற பெயரால் அழைப்பர். நல்ல துண்டு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பெயரே சொல்கிறது.

5. செமிடெண்டினோசஸ்: பின்தொடையின் உருண்டு நீண்ட தசை. அமெரிக்கருக்குத் தொடையின் ‘கண்’. ஆங்கிலேயருக்குச் ‘சால்மன்’ மீன் வடிவத் துண்டு. பிரேசிலியருக்கு ‘லகார்த்தோ’, அதாவது பல்லி. அர்ஜென்டினாவில் பெசேத்தோ. கொழுப்புக் குறைந்தது, மெல்ல வேகவைத்து மெல்லியதாக அரிய வேண்டும்.

6. தொடையின் பெருந்தசைகள்: பிரிட்டனில் உட்புறம் டாப்சைடு, வெளிப்புறம் சில்வர்சைடு. அமெரிக்காவில் முறையே டாப் ரவுண்டு, பாட்டம் ரவுண்டு. வெளிப்புறத் தசையின்மேல் வெள்ளிபோல் மின்னும் சவ்வே ‘சில்வர்’ என்ற பெயருக்குக் காரணம்.

7. நெஞ்சுத் தசை: பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிரிஸ்கெட், பிரான்சில் புவாத்ரீன், ஜெர்மனியில் புருஸ்ட். எல்லாம் நெஞ்சையே குறிப்பதால் இதில் மயக்கம் குறைவு. நெடுநேரச் சமையலுக்கு உரியது.

8. இன்ஃப்ராஸ்பினேட்டஸ்: தோள்பட்டை எலும்பின்மேல் படிந்த தசை. பிரான்சில் பாலெரோன், பிரிட்டனில் ஃபெதர் பிளேடு, ஆஸ்திரேலியாவில் ஆய்ஸ்டர் பிளேடு. முன்பு இதைக் குறைந்த விலைக்கே விற்றுவந்தனர். அமெரிக்காவில் நெப்ராஸ்கா, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் மாட்டின் தசைகளைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, சோவாஸ் தசைக்கு அடுத்தபடி மென்மையானவற்றுள் இது ஒன்று எனக் கண்டனர். 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் இது ‘ஃபிளாட் அயர்ன்’ என்ற பெயரில் அங்கே பரவியது.

கடையில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பெயரைச் சொல்லுமுன் சமையலைச் சொல்ல வேண்டும். ‘நான்கு மணி நேரம் குழம்பில் வேக வேண்டும்’ என்றோ, ‘தணலில் இருபுறமும் சில நிமிடம் சுட வேண்டும்’ என்றோ சொன்னால், கடைக்காரர் தம் கடையில் அதற்கு ஏற்றதை எடுத்துத் தருவார்.

இரண்டாவதாக, இடத்தைக் காட்ட வேண்டும். மொழி தெரியாவிடினும் தம் கழுத்தையும் தோளையும் நெஞ்சையும் இடுப்பையும் தொட்டுக் காட்டலாம். மனிதனுக்கும் மாட்டுக்கும் தசை அமைப்பில் உள்ள ஒற்றுமை இங்கே கைகொடுக்கிறது.

மூன்றாவதாக, எலும்பையும் நாரையும் பார்க்க வேண்டும். எலும்பு ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் இருந்தால் அது இடுப்பு முள்ளெலும்பு. அதன் ஒரு பக்கம் லாஞ்சிசிமஸ், மறுபக்கம் சோவாஸ். நடுவே மச்சையுள்ள வட்ட எலும்பாயின் அது கால். தடித்த நாரும் வெள்ளைச் சவ்வும் மிகுந்திருந்தால், பெயர் எதுவாயினும் அதை விரைந்து சுடலாகாது. சமைத்த பின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அரிந்தால் கடிப்பதற்கு எளிதாகும்.

நான்காவதாக, மொத்த வணிகரிடம் வாங்குவோர் எண்ணைப் பயன்படுத்தலாம். அமெரிக்க வேளாண்மைத் துறை ஒவ்வொரு பகுதிக்கும் எண் கொடுத்துள்ளது. 120 என்றால் எலும்பில்லா நெஞ்சுப் பகுதி, 189 என்றால் முழு டெண்டர்லாயின். ஆஸ்திரேலியாவுக்குத் தனி எண் வரிசை உண்டு. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் படங்களுடனும் எண்களுடனும் மாட்டிறைச்சிக்கான பொதுத்தரம் ஒன்றை வெளியிட்டுள்ளது. அப்படத்தைக் காட்டினால் பேச்சே தேவையில்லை.

ஐந்தாவதாக, எடையில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் விலை பவுண்டுக்கு. ஒரு பவுண்டு ஏறத்தாழ 454 கிராம். கிலோ விலை என்று எண்ணி மகிழ்ந்தால் பின்னர் வருந்த நேரும்.

முடிவுரை

இவற்றையெல்லாம் ஒரு தாளின் இருபுறமும் எழுதி மாமனிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் மாட்டின் படம், மறுபக்கம் பெயர்ப் பட்டியல். அவர் பெயர்களைவிடப் படத்தையே நெடுநேரம் பார்த்தார். பிறகு தோள்பட்டைத் தசையின்மேல் விரலை வைத்து, “இதைச் சுடலாம்னு எழுதியிருக்கியே, நடுவுல கெட்டியா ஒரு நரம்பு போகும். அதை எடுக்காமச் சுட்டா கடிக்க முடியாது. எடுக்கலைன்னா குழம்புலதான் போடணும்” என்றார். மறுநாள் நூலகத்தில் பார்த்தேன். அத்தசையின் நடுவே தடித்த இணைப்புத் திசுத் தகடு ஒன்று ஓடுகிறது. அதை நீக்கி இரண்டாகப் பிளந்து எடுப்பதே ஃபிளாட் அயர்ன். நீக்காமல் வேகவைத்தால் அத்தகடும் ஜெலட்டினாக இளகும். நான் படித்த பக்கத்திலேயே அது இருந்தது. என் கண்ணில்தான் படவில்லை. அவர் கை அதை ஏற்கெனவே அறிந்திருந்தது.

அவ்வரியைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த துறைமுகத்திலிருந்து வந்த செய்தி சிறியது: “கேட்டது வந்துச்சு. கணக்கும் சரியா வந்துச்சு.”

தேர்வுக்கு முன்னிரவில் லத்தீன் பெயர்களை உருப்போடும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பெயரோடு நில்லாதீர்கள், அது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்றும் கேளுங்கள். வீட்டில் அத்தொழில் தெரிந்தவர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும், மாடு மாறாது.